எடைமேடை

சிலிம் ரிவர் செம்பனை ஆலையில்
எனக்குக் கிடைத்தது ஒரு கண்ணாடி அறை,
கழுத்து உடைந்த ஃபேன்,
வெளியே அறுபது டன் தாங்கும் இரும்பு மேடை.
குலையோடு ஏறும்போது ஓர் எடை,
கொட்டிவிட்டு இறங்கும்போது ஓர் எடை.
கழித்தால் வருவதற்குத்தான் காசு.
இருபத்தொரு வருஷப் பட்டாளத்தைக் கழித்தால்
என்னில் என்ன மிஞ்சும் என்று
பென்ஷன் ஆபீசில் யாரும் கேட்கவில்லை.

மேனேஜர் கேட்டார்:
ஆர்மியில என்ன வேல?
சிக்னல், சார். ரேடியோ முன்னால் உட்கார்ந்து கேட்பது.
அவ்வளவுதானா?
அவ்வளவுதான், சார்.

அவரிடம் சொல்லாதது:
வெள்ளம் வந்த டிசம்பரில், மூன்றாம் ராத்திரி,
தெமர்லோ பக்கமிருந்து ஒரு படகு கூப்பிட்டது.
கேட்டேன். தெளிவாகவே கேட்டேன்.
பொத்தான் மேலிருந்த கட்டைவிரல் அமுங்கவில்லை.
பயமில்லை, தூக்கமுமில்லை.
கேஸ் தீர்ந்த அடுப்பைத் திருகுவதுபோல்
திருகித் திருகிப் பார்க்கிறேன்,
உஸ்ஸென்ற சத்தம்கூட இல்லை.
பக்கத்து நாற்காலி கோப்ரல் ஹஸ்னுல்
எட்டி வந்து பதில் சொன்னான்.
படகு கரை சேர்ந்தது. யாரும் சாகவில்லை.
யாரும் என்னை ஒன்றும் கேட்கவில்லை.
அதுதான் இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது.

விமலேஸ் பசார் மாலமில் நாலு சட்டை வாங்கி வந்தாள்.
அதில் ஒன்று ஊதா.
காலையில் அலமாரி முன்னால் நிற்கிறேன்,
யாரோ ஆர்டர் போடுவார்கள் என்பதுபோல.
போர்வை மூலையைக் கத்தி மாதிரி மடித்து வைத்தால்
யோஷினி அதன்மேல் ஏறிக் குதிக்கிறாள்.
பதினேழு முப்பதுக்கு வந்துடுவேன் என்றால்
அஞ்சரைன்னு சொல்லுங்கப்பா,
கடிகாரத்துல பன்னெண்டு வரைக்குந்தான் இருக்கு.

ஒட்டுக்கடையில் நான் இன்னும் சார்ஜன்.
தே தாரிக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர்
மறுநாள் மகனைக் கொண்டுவந்து நிறுத்தினார்.
பட்டாளத்துல சேத்து விடுங்க, கொஞ்சம் திருந்தட்டும்.
பையன் ஹேண்ட்போனிலிருந்து தலை தூக்கவில்லை.
நான் ஏதோ சொல்லத் தொடங்கி
மீ கோரெங்கைத் தின்று முடித்தேன்.

வேலை கஷ்டமில்லை.
பாக் லத்திப்பின் பழைய லோரி,
கியோங்கின் பத்துச் சக்கரம்,
ஷபிகுல் ஓட்டிவரும் டிராக்டர்.
ஹாரன் அடித்தால் கண்ணாடியைத் தள்ளிச் சீட்டு நீட்டுவேன்.
காய்க்குலையைத் தள்ளுபடி செய்வது
கிரேடர் தர்மசீலன் பாடு.
முதல் நாளே கையில் ஒரு வாக்கி டாக்கி கொடுத்தார்கள்.
ரப்பர் ஸ்டாம்புக்கும் பிஸ்கட் டின்னுக்கும் நடுவில்
டிராயரில் படுக்கவைத்தேன்.
மூன்று வாரம்
என்னிடம் பேச வேண்டியவர்கள் நடந்தே வந்தார்கள்.

நேற்று மழை.
யாராலும் நடந்து வர முடியாத மழை.
டிராயருக்குள்ளிருந்து ஒரு குரல்:
எடை, எடை, கேக்குதா?
முதுகு தானாக நிமிர்ந்தது.
எடை, கேக்குதாண்ணே?
டிராயரை இழுக்க ஒரு கை,
இழுக்க வேண்டாமென்று ஒரு கை.
மூன்றாம் தடவை
எந்தக் கை அழுத்தியதென்று தெரியவில்லை.
கேக்குது, என்றேன்.

கொப்பி கலக்குறோம்ணே. சீனி போடவா, வேணாமா?

கொஞ்சமா, என்றேன்.
ஓவர் சொல்ல மறந்துபோனேன்.

மழை விட்டபின் கடைசி லோரியும் போயிற்று.
ஊதாச் சட்டையில் ஆலை நெடி,
கையில் சூடு குறைந்த கிளாஸ்.
சும்மா போய் மேடை நடுவில் நின்றேன்.
அறுபது டன்னுக்குச் செய்தது,
பத்துப் பத்துக் கிலோவாகத்தான் எண்ணும்.
கம்பத்திலிருந்த சிவப்பு எண்
எழுபது என்றது. எண்பது என்றது.
திரும்ப எழுபது.

ஒரு வாய் கொப்பி குடித்தேன்.
எண்பது.

சீட்டு அடிக்கவில்லை.
மேடையைவிட்டு இறங்கி அறையைப் பூட்டினேன்.
அஞ்சரைக்கு இன்னும் எட்டு நிமிஷம்.