காரணம்: ஒன்றைத் தேர்க

தொலைந்தது.
திருடுபோனது.
சேதமடைந்தது.
வந்து சேரவேயில்லை.
நான்கே வரிகள் என் திரையில்.
ஹாவர் ஊரின் சகல துரதிர்ஷ்டமும்
இவற்றில் ஒன்றுக்குள்
காலை மடக்கிப் படுத்துக்கொள்ள வேண்டும்.

மூன்றாம் ஜன்னலில் பதினோரு வருடமாக இருக்கிறேன்.
நாய் கடித்த உணவு உதவிக் கார்டு: சேதமடைந்தது.
சொல்லாமல் போன கணவனின் சட்டைப்பையில்
சேர்ந்து போய்விட்ட கார்டு
தொலைந்ததா, திருடுபோனதா என்று
அந்தப் பெண்ணையே கேட்டேன்.
'கார்டைத்தானே கேட்கிறீர்கள்?' என்றாள்.

வெண்டல் ஹாக்கன்சன்
ஜனவரியில் மட்டும் மூன்று முறை வந்தார்.
தானியக் கிடங்கில் இடுப்பைத் தொலைத்தவர்
(அதற்கு வேறு அலுவலகம், வேறு படிவம்).
ஒவ்வொரு முறையும் கார்டு இரண்டு துண்டு.
மேஜையில் வைத்துப் பொருத்திக் காட்டுவார்,
ஒட்டினால் போதாதா என்பதுபோல.

மூன்றாம் முறை விளக்கம் கேட்க வேண்டும், விதி.
கேட்டேன்.
'கண்ணாடி சுரண்டுவேன்' என்றார்.
எந்தக் கண்ணாடி?
'என் பிக்கப் வண்டியோடது. விடிகாலையில்
விரற்கடைக்கு உறைந்திருக்கிறது.
என்னிடம் இருக்கும் கெட்டியான பொருள் இது ஒன்றுதான்.
மாதம் இருபது தேதிக்கு மேல்
இதற்கும் வேறு வேலை இல்லையே.'

விளக்கம் என்ற கட்டத்தில் 'வானிலை' என்று அடித்தேன்.
வானிலை காரணமாகாது என்று
டெல்ஃபின் மேடம் திருப்பி அனுப்பினார்.
'கவனக்குறைவு' என்று மாற்றினேன்.
ஒரு நிமிடத்தில் அனுமதி வந்தது.

அன்று மாலை ரயில் யார்டுக்கு எதிர்க்கடையில்
ஒரு சுரண்டி வாங்கினேன்.
மஞ்சள் பிளாஸ்டிக், பித்தளை விளிம்பு,
மூன்று டாலருக்குக் கொஞ்சம் குறைவு.
புதுக் கார்டை வாங்க அவர் வந்தபோது
கண்ணாடிக்கு அடியில் தள்ளினேன்.
காகிதம் நுழைகிற சந்தில்
கைப்பிடி மாட்டிக்கொண்டது.
எழுந்து, கதவைத் திறந்து, சுற்றிக்கொண்டு போனேன்.
பதினோரு வருடத்தில் முதல்முறை அந்தப் பக்கம்.
அங்கிருந்து பார்த்தால்
என் நாற்காலி இவ்வளவு உயரமா?

'எவ்வளவு?' என்றார்.
'அரசாங்கம் தருகிறது' என்றேன்.
திருப்பித் திருப்பி
முத்திரை எங்கே என்று தேடினார்.

பிப்ரவரியில் அவர் வரவில்லை.
எனக்குக் கொஞ்சம் கர்வமாகக்கூட இருந்தது.

மார்ச் நடுவில் சினூக் காற்று அடித்து
தெருவெல்லாம் சேறான ஒரு செவ்வாய்க்கிழமை
வந்து நின்றார்.
கார்டை எடுத்து வைத்தார்.
முழுசாக. ஒரு கீறல் இல்லாமல்.

'நடுராத்திரி பன்னிரண்டேகாலுக்கு
நியூஜெர்சியில் யாரோ வழித்துவிட்டார்கள்.
இருநூற்று எண்பத்தொரு டாலர்.
நான் நியூஜெர்சியைப் பார்த்ததே இல்லை.'

ரசீது விவரம் பார்த்தேன்.
குழந்தைப் பால் பவுடர், பதினாறு டின்.
'பால் பவுடரா' என்றார்,
முகம் சற்றே இளகியது.
'சரி, ஏதோ ஒரு குழந்தை குடித்திருக்கும்.'
விற்கத்தான் வாங்குவார்கள் என்பது எனக்குத் தெரியும்.
சொல்லவில்லை.

திருப்பித் தருகிற சட்டம் காலாவதியாகிவிட்டது என்பதை மட்டும்
பயிற்சியில் கற்றுத்தந்த குரலில் சொன்னேன்.
கார்டையாவது மாற்றித் தருகிறேன், அடுத்த மாதப் பணமாவது தப்பட்டும்.

தொலைந்தது. இல்லை, இதோ இருக்கிறது.
வந்து சேரவில்லை. இல்லை.
திருடுபோனது என்று அழுத்தினால்
திரை கேட்கிறது: கார்டு தற்போது யாரிடம் உள்ளது?
உரியவரிடம் என்றேன்.
பிழை, மீண்டும் தேர்க என்றது.

'உடைந்திருந்தால்
உங்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும், இல்லையா?'
என்றார், கிண்டல் இல்லாமல்,
எனக்காக வருத்தப்படுகிறவர் மாதிரி.

மேஜை இழுப்பறையில் கத்தரிக்கோல் இருந்தது.
வரிசையில் பின்னால் ஒன்பது பேர்.
டெல்ஃபின் மேடம் சாப்பிடப் போயிருந்தார்.
நினைத்ததைவிடக் கெட்டியான பிளாஸ்டிக்,
இரண்டு கையாலும் அழுத்த வேண்டியிருந்தது.

சேதமடைந்தது.
திரை உடனே ஏற்றுக்கொண்டது.
ஏழு வேலை நாட்கள் என்றது.

வெண்டல் அதற்குள்
இரண்டு துண்டையும் எடுத்து
விளிம்போடு விளிம்பு
பொருத்திக்கொண்டிருந்தார்.
பழக்கதோஷம்.