பதினான்காம் நாள்

மூன்று அழைப்பாணைகளையும்
நான்தான் கொண்டுபோய்க் கொடுத்தேன், அக்டோபரில்.
ஒன்று வங்கிக்கு.
ஒன்று, காகித ஆலை திவாலாவதற்கு ஆறு வாரம் முன்
அதன் மரக்கிடங்கை வாங்கிய கம்பெனிக்கு.
அந்தக் கம்பெனி என்பது
டுலூத்தில் ஒரு பல் டாக்டரின் மாடிப்படிக்குக் கீழே
பூட்டிய தபால்பெட்டி.
மூன்றாவது முதலாளியின் மைத்துனர் ரோலண்ட் பிரிஸ்பினுக்கு.
கார் கழுவிக்கொண்டிருந்தார்.
ஈரக்கையால் வாங்கினார்.
அவர் பெயரில் மட்டும் மை கலங்கியது.

ஜனவரியில் மூன்றும் ரத்து.
"வலையை வீசிவிட்டு
என்ன விழும் என்று பார்க்கிறீர்கள்" என்றார் நீதிபதி,
கோபமே இல்லாமல்,
மதியச் சாப்பாட்டுக்குச் சற்று முன்.

மேல்முறையீட்டுக்குப் பதினான்கு நாள்.
பனிப்புயல் மூன்றைத் தின்றது.
எங்கள் வக்கீல் மாரிட் ஹவுக்டால்
சட்டப் புத்தகத்தில் ரொட்டித்தூள் உதிர
படித்துக்கொண்டே இருந்தார்.
இது முடிவான உத்தரவா, இடைக்கால உத்தரவா?
முடியாத ஒன்றின் மேல் முறையிட முடியாதாம்.
ஆலையின் சங்கு நின்று பதினாறு மாதம்;
அது எதில் சேரும் என்று நான் கேட்கவில்லை.
அப்புறம்,
அந்தக் காகிதங்கள் கிடைக்காததால்
என்ன நஷ்டம் என்று காட்ட வேண்டும்.
காட்டலாம்,
அந்தக் காகிதங்கள் கிடைத்தால்.

பன்னிரண்டாம் நாள் ஐனோ கெஸ்கிடாலோ வந்தார்.
கூழ்த்தொட்டியில் முப்பத்தொரு வருஷம்.
கடன்காரர் பட்டியலில் இருநூற்றுப் பதினேழாவது பெயர்.
கொடுக்க வேண்டியவர் அல்ல, வர வேண்டியவர்.
அந்தச் சொல்லுக்கு
இரண்டு பக்கமும் வாய்.

நீதிபதி சொன்னதை மாரிட் வாசித்துக் காட்டினார்.
உறைந்த ஏரியில் துளை போட்டு
நாற்பது குளிர்காலம் உட்கார்ந்த மனிதர்
தொப்பியைக் கழற்றாமலே கேட்டார்:
"முதலில் மீனைக் காட்டு,
பிறகு துளை போட விடுகிறேன் என்கிறாரா?"

மாரிட் அதை எழுதிக்கொண்டார்.
ராத்திரி அடித்துவிட்டார்.
மனுவில் ஏறிய வரி வேறு:
'கீழ் நீதிமன்றம் தன் விருப்புரிமையைத்
தவறாகப் பயன்படுத்தியது.'

பதினான்காம் நாள், மாலை நாலு பத்து.
கட்டணம் செலுத்தும்போது
மாரிட்டின் கார்டை ஒருமுறை மறுத்தது கணினி.
நாங்கள் இருவரும் திரையையே பார்த்தோம்.
இரண்டாம் முறை எடுத்துக்கொண்டது.

ஐனோவுக்கு நான் போன் செய்தேன்.
"எத்தனை மாதம் ஆகும்?"
"எட்டு. பத்தும் ஆகலாம்."
அந்தப் பக்கம் ஏதோ கொதிக்கும் சத்தம்.
"அதற்குள் பனி உருகிவிடும்" என்றார்.
அடுப்பை அணைக்கப் போனார்.
போனை வைக்கவில்லை.