எட்டுக்கு எத்தனை ரன்

இருபத்தேழு ரூபாய் உதைக்கிறது.
காலையிலிருந்து உதைக்கிறது.
பேங்க் ஸ்டேட்மென்ட் ஒன்று சொல்ல
கேஷ் புக் வேறொன்று சொல்ல
நடுவில் நான்,
சண்டைக்காரத் தம்பதிக்கு வீடு வாடகைக்கு விட்டவள் மாதிரி
ரெண்டு பக்கமும் தலையாட்டிக்கொண்டு.

ஒன்பதால் வகுபடுகிறது. ஆக
எங்கோ ரெண்டு இலக்கம் இடம் மாறி உட்கார்ந்திருக்கிறது.
இது எங்கள் ஆபீஸுக்கு
டீ கொண்டுவரும் பையனுக்குக்கூடத் தெரியும்.
எங்கே என்பதுதான்
ஆயிரத்து நானூறு வரிகளுக்குள்
ஒருவருக்கும் தெரியவில்லை.

மூன்றரை மணி. லிங்கிச் செட்டித் தெரு, மூன்றாம் மாடி.
கீழே பேரிங் கடை வாசலில்
மீன்பாடி வண்டிக்காரர் யாரையோ
முறைவைத்துத் திட்டுகிறார்.
துறைமுகத்தில் ஒரு கப்பல்
நீளமாய்க் கொட்டாவி விடுகிறது.
எனக்கும் வருகிறது.
எண்கள் எறும்பாகி
திரையைவிட்டு இறங்கி
மேஜைமேல் ஊர்வதுபோல் இருக்கிறது.

ஹாஜாதான் ஆரம்பித்தான்.
அலமாரி ஆடாமலிருக்க
காலுக்கு முட்டுக்கொடுத்திருந்த
வரிச்சட்டப் புத்தகத்தை உருவினான்.
திருத்தம்மேல் திருத்தம் வந்து
உள்ளே ஒரு விதிகூட உயிரோடு இல்லை.
பக்க எண்கள் மட்டும் இன்னும் அமலில் இருக்கின்றன.

"பத்தே நிமிஷம். மண்ணடி லெவன், ராயபுரம் லெவன்."

ராயபுரம் என்றால் எபநேசர்.
ஐம்பத்திரண்டு வயது, ரெண்டு ஸ்டென்ட்.
எழுந்து நின்று முழுக்கையை மடித்துவிட்டார்,
புத்தகம் திறப்பதற்கு.

விரித்தால் இடது பக்கம். கடைசி இலக்கம் ரன்.
பூஜ்யம் வந்தால் நடையைக் கட்டு.
பழைய சலானின் முதுகில் ஸ்கோர் எழுதினாள் தில்லைக்கரசி,
பேரேட்டில் எழுதுவதைவிட அழகாக.

நாலு. ரெண்டு. எட்டு.
எட்டில் நின்றது ஆட்டம்.
"எட்டுக்கு ஒண்ணுதான்."
"எங்க ஸ்கூல்ல எட்டுன்னா எட்டு."
"உங்க ஸ்கூலே தப்பு."
"உங்க தெருவே தப்புடா."

கண்ணாடிக் கதவு திறந்தது.
ஆடிட்டர் சார்.
கொஞ்ச நேரம் ஃபேன் மட்டும் பேசியது.
மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி
ரெண்டு தரப்பையும் கேட்டார்.
"விதி தெளிவா இல்லேன்னா
பேட்ஸ்மேனுக்குச் சாதகமாத்தான் பொருள் கொள்ளணும்."
கதவு மூடிக்கொண்டது.
எபநேசர் அந்த எட்டை
பிஎஃப் பணம்போல வாங்கிக்கொண்டார்.

என் முறை. விரித்தேன்.
"நூத்தி அறுபத்து மூணு. மூணு ரன்."
எட்டிக்கூடப் பார்க்கவில்லை எபநேசர்.
"இடது பக்கத்துல ஒத்தைப்படையா?
எந்த அச்சகத்துலம்மா அடிச்சான்?"

குனிந்து பார்த்தேன்.
நூற்று முப்பத்தாறு.
என் சிக்ஸரை நானே பாதியாக்கி
அறிவித்திருக்கிறேன்;
எதிரணிக்காரர் திருத்திக் கொடுக்கிறார்.
எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட நான்,
கர்சீப்பைத் தேடும் அளவுக்கு.
காலையிலிருந்து கண்ணில் படிந்திருந்த ஏதோ ஒன்று
அந்தத் தண்ணீரோடு போயிற்று.

திரும்பி உட்கார்ந்து
நூறு வரிகூட இறங்கியிருக்கமாட்டேன்.
ஜூலை பதினொன்று, கூரியர் செலவு.
பில்லில் நானூற்று முப்பத்தாறு,
நான் தட்டியது நானூற்று அறுபத்து மூன்று.
இதே வரியைக் காலையில் நாலு முறை தாண்டியிருக்கிறேன்,
தெரிந்தவரைத் தெருவில் பார்த்தும்
பார்க்காததுபோல.

விளையாட்டுதான் கண்டுபிடித்தது என்று சொல்லமாட்டேன்.
ஆடிட்டில் நிற்காது. வவுச்சர் வேண்டும்.

வவுச்சர் இருக்கிறது என்பது
சாயங்காலம் தெரிந்தது.
ஜூலைக் கோப்பில், கூரியர் பில்லுக்குப் பின்னால்,
கவனமில்லாமல் சேர்த்துக் குத்தியிருந்தாள் தில்லைக்கரசி.
மண்ணடி முப்பத்தொன்று, ராயபுரம் முப்பத்து நாலு.
உருவலாமா என்று கேட்டாள்.
இருக்கட்டும் என்றேன்.

அலமாரி ஆடிக்கொண்டிருந்தது.
புத்தகம் இன்னும் ஹாஜாவின் மேஜையில்.
நாளைக்கு இருபதாம் தேதி,
ரிட்டர்ன் போடக் கடைசி நாள்.
ரிட்டர்ன் மேட்ச் மூன்றரைக்கு.