மண் மாதிரி எண் 14

மதிப்பீட்டுக்கு மட்டும்தான் நிதி.
சுத்தம் பண்ண வேறே அரசாணை வருமாம்.

மங்கலம் ரோட்டுச் சாயப்பட்டறை.
துருப்பிடித்த பூட்டுக்கு எண்ணெய் விட்டுத் திறந்து
நாலு மீட்டர் துளை போட்டார்கள்.

"நிறம்?" என்றார் இன்ஜினியர்.
பழுப்பு என்று எழுதப் போனான் பையன்.

பை கட்டும் கூலிக்கு வந்த மயிலாத்தாள்
கட்டியை உடைத்துக் காட்டினாள்:
"இதுங்களா, நேவி ப்ளூ.
பெரிய ஆர்டர். ரெண்டு ஷிப்ட்டு.
தொட்டி ரொம்பி ராத்திரியில தொறந்துவுட்டோம்.
நானுந்தானுங்க வால்வைத் திருகுனது."

பேனா நின்றது.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

அவள் பையின் வாயை இறுக்கினாள்.
விரலில் ஒட்டிய நீலத்தை
முந்தானையில் துடைக்கப் போய், துடைக்கவில்லை.

"அடுத்த துளையச் செவுத்தோரம் போடுங்க.
அங்கதான் செகப்பு."