ஐந்து ஈடு

கோயம்புத்தூரிலிருந்து கேள்வி ஒரு வரியில் வந்தது:
பழைய சர்வர், புது லேப்டாப், எது மேல்?
பதிலும் ஒரு வரியில் போதும் என்று
அடியில் இன்னொரு வரி.

பணகுடியில் அன்றைக்கு ஆனி பதினேழு.
மேல்காத்து ஜன்னல் கொக்கியைப் பிடுங்கிக்கொண்டிருந்தது.
வெளியே நூற்றுப் பதினெட்டுக் காற்றாடிகள்.
ஒவ்வொன்றும் பத்து நிமிடத்துக்கு ஒரு வாக்குமூலம்:
எவ்வளவு வீசியது, எவ்வளவு சுற்றினேன், எவ்வளவு கொடுத்தேன்.
வருடத்துக்கு, ஆளுக்கு, ஐம்பத்திரண்டாயிரத்துச் சொச்சம்.
எல்லாம் உண்மைதானா என்று கூட்டிப் பார்ப்பதற்கு
எனக்குச் சம்பளம்.

முதலில் ஒரே ஒரு காற்றாடி,
லெவிஞ்சிபுரத்துப் பக்கம் ஓடை தாண்டி நிற்கிற நாற்பத்து மூன்றாம் எண்.
புதியது நாலு நிமிடத்தில் முடித்து
திரையை மங்கவைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.
பழையது பதினோரு நிமிடம்.
"சோலி முடிஞ்சிட்டு. எடைக்குப் போட்டுருவமா?" என்றான் உச்சிமாகாளி.
அவனுக்கு அந்த அலமாரியின் இடம் வேண்டும்,
கேபிள் சுருளுக்கு.

அப்புறம் நூற்றுப் பதினெட்டையும் கொடுத்தேன்.
பழையதற்கு இருபத்து நாலு கோர், புதியதற்கு எட்டு.
இட்லிக் கொப்பரை என்று நினைத்துக்கொண்டால் லேசு:
பெரியதில் ஒரு ஈட்டுக்கு இருபத்து நாலு குழி,
வேக நேரமாகும், ஆனால் ஐந்தே ஈட்டில் மாவு காலி.
கடைசி ஈட்டில் இரண்டு குழி சும்மா கிடந்தது.
ஐம்பத்தைந்து நிமிடம்.

சின்னது ஏற்றின உடனே பாய்ந்தது.
ஐந்து ஈட்டை நாலு நாலு நிமிடமாய் இறக்கியது.
ஆறாவதில் அடிவயிறு கொதித்து
யாரும் சொல்லாமலே வேகத்தைக் குறைத்துக்கொண்டது.
நாலு ஏழானது.
பதினைந்து ஈடு, ஒன்றரை மணி நேரம்.
ஈரத்துணியை மடித்து அடியில் வைக்கப்போன உச்சிமாகாளியின்
கையைத் தட்டிவிட்டேன்.

மீட்டர் வேறு கதை சொல்கிறது.
பழையது இந்த ஒரு வேலைக்குக் குடித்த கரண்டில்
புதியது இதை ஐந்து தடவை செய்திருக்கும்.
வேலையே இல்லாவிட்டாலும் விசிறி இரைகிறது,
சும்மா இருக்க நாளுக்கு மூன்றரை யூனிட்.
அதற்காக நாற்பத்து மூன்றாம் எண் எத்தனை சுற்று சுற்றணும் என்று
கணக்குப் போட ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன்.
அந்தக் கணக்கையும் இவை இரண்டில் ஒன்றுதான் போடவேண்டும்.

இரண்டு நாற்பதுக்குக் கரண்டு போனது.
ஜன்னலுக்கு வெளியே கண்ணெட்டிய மட்டும்
மின்சாரம் உற்பத்தியாகிக்கொண்டிருக்க
உள்ளே யு.பி.எஸ். கத்தியது.
புதியதற்கு விஷயமே தெரியவில்லை.

சாயங்காலம் பழையதின் பதிவேட்டைத் திறந்தேன்.
போன மாசியில் ஒரு நாள், பின்னிரவு மூன்று பத்து:
நினைவகத்தில் ஒரு பிட் பிறழ்ந்தது, திருத்தப்பட்டது.
அவ்வளவுதான்.
பூட்டிய அறையில்
ஒன்று சுழியமாகிப்போனதைத் தானே கண்டு
தானே சரிசெய்து
நேரத்தோடு எழுதிவைத்திருக்கிறது.
புதியது பிறழ்ந்ததே இல்லையா,
பிறழ்ந்தும் தெரியாமல் போயிற்றா,
சொல்ல அதனிடம் ஏடு இல்லை.
என்னிடமும் இல்லை.
ஐப்பசிக் கணக்கில் ஒரு புள்ளி தள்ளி விழுந்து
மூன்று பேர் போனஸ் நின்றதே,
அது என் விரலா என்று
யாரும் கேட்கவில்லை, நானும் தேடவில்லை.

புதியது மேல் என்று எழுதினேன். அழித்தேன்.
பழையது என்று தொடங்கி, அதையும்.
இருட்டின பிறகு கோயம்புத்தூருக்குப் போனது இது:
ஒன்று என்றால் புதியது, நூற்றுப் பதினெட்டு என்றால் பழையது,
காற்று இறங்குகிற புரட்டாசி வரை இரண்டும் இருக்கட்டும்,
கரண்டு பில்லுக்கு என்னைத் திட்டவேண்டாம்,
ஐப்பசிக் கணக்கை இன்னொரு தடவை ஓட்ட அனுமதி வேண்டும்.

ஒரு வரிதான்.
நடுவில் எங்கும் புள்ளி வைக்கவில்லை.

கொக்கி கழன்று ஜன்னல் அடித்துக்கொண்டது.
உச்சிமாகாளி கேபிள் சுருளை
நடைபாதையிலேயே போட்டுவிட்டுப் போயிருந்தான்.
தாண்டித்தான் வெளியே வந்தேன்.