மிச்சக் கதை

பன்னிரண்டு மணி நேரம்
அவசர அழைப்புகளை எடுத்த காது
இன்னும் சூடாறவில்லை.
ஹெல்வே வீட்டுக்குப் போகவில்லை.
தார்த்துவிலிருந்து கடைசி நிறுத்தம் வரை பேருந்து,
அப்புறம் பலகைப் பாதை,
அது முடிகிற இடத்தில் சதுப்பு.

பூட்ஸைக் கழற்றுகிறாள்.
பாசி கணுக்கால்வரை வாங்கிக்கொள்கிறது.
எஸ்தோனியாவின் செப்டம்பர்த் தண்ணீர்
எலும்பைத் தொட்டுப் பார்க்கிறது,
விலாசம் கேட்கவில்லை.

நேற்றிரவு ஒருவர்
மனைவிக்கு மூச்சில்லை என்றார்.
அழுத்துங்கள், எண்ணுங்கள் என்றாள்.
ஒன்று, இரண்டு, முப்பதுவரை. மறுபடி ஒன்று.
ஆம்புலன்ஸ் வந்ததும் அவர் போனை வைத்துவிட்டார்.
மிச்சக் கதை
அவளிடம் வருவதே இல்லை.

குனிந்து கிரான்பெர்ரி பறிக்கிறாள்,
பாதி வெள்ளை, பாதி சிவப்பு.
விரல்கள் தாமாகவே எண்ணத் தொடங்குகின்றன.
இருபத்தெட்டில் விட்டுவிடுகிறாள்.

மேலே கொக்குகள்
கூப்பிட்டுக்கொண்டே போகின்றன,
அவளை அல்ல.

ஒரு பழத்தைக் கடிக்கிறாள்.
அப்படியொரு புளிப்பு!
கண் இறுகி, முகம் சுருங்கி,
தோள் இரண்டும் தொப்பென்று இறங்குகின்றன.
இரவெல்லாம் அவை
காதோரம் ஏறி நின்றது
இப்போதுதான் தெரிகிறது.

வாளியின் அடி இன்னும் மறையவில்லை.
இன்னொன்றைக் கடிக்கிறாள்.