செவிக்கல்

சாய்ந்தமருது மீன் சந்தையில்
தலைதான் வேண்டுமென்றாள்
ஒலுவில் கம்பஸ் பிள்ளை.
உடல் விற்றுப் போயிருந்தது.

கொடுவாவின் மண்டை பிளந்து
இடுக்கியால் எடுத்தாள்
பால்பல் போல் இரண்டு.
"இது காதுக் கல்லு, காக்கா.
வரியை எண்ணினா வயசு."

காதா? மீனுக்கா?
இருபது வருஷமாய்
இதுகளின் தலைமாட்டில் நின்றுதான்
விலை கத்துகிறேன்.

கணவாய் மீனில்லையாம்.
இறாலும் இல்லை.
சுறாவுக்கு எலும்பில்லை, குருத்துத்தானாம்.
அதை என் கத்தியே சொல்லியிருக்கும்.

லத்தீனில் ஒரு பெயர் எழுதினாள்,
எந்த வீட்டிலும் பேசாத பாஷை.
கல்லை உடைத்து லென்ஸ் வைத்தாள்.
ஆறாம் வரி நெருங்கிக் கிடந்தது.
"பசித்த வருஷம்."
கல்லாற்று முகத்துவாரம் வெட்டப் பிந்தியது, என்றேன்.
அதையும் எழுதிக்கொண்டாள்.

பூனைக்குத் தலை எறியுமுன்
இப்போது
கை கொஞ்சம் நிற்கிறது.